கவிழ்த்து வைத்த கைபேசி

நான் ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்தேன். பழியைச் சிக்னல் மேல் போட்டேன்.

மழுப்பாமல் சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

நான் கணித ஆசிரியன். ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் நாடெங்கும் தொற்று வந்தது. பதினோராம் தரத்தில் இருபத்தாறு பிள்ளைகள். பதினைந்து பேர் வகுப்பில், பதினொரு பேர் கைபேசிக்குள். வெண்கட்டிப் பெட்டியில் கைபேசியைச் சாய்த்து, திரைப்பக்கம் கரும்பலகையைப் பார்க்க வைத்து, இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகப் படிப்பிக்க வேண்டும். அதிபரின் கட்டளை.

அந்தப் பதினொரு பேரின் பக்கமிருந்து ஓயாத சத்தம்! சேவல், தோணி எஞ்சின், யாரோ ஒரு தாயின் ஏச்சு. நடுவில், "சேர், கேக்குதில்ல சேர்!"

"சேர், போன் அழுவுது, பால் குடுங்க!" என்றான் முன்வாங்கில் இருந்தவன். வகுப்பே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குப் பட்டது.

கைபேசிக்குள் இருந்தவர்களின் சத்தத்தை அடைத்தேன். கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அன்றைக்கு மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். தவணை முடியும்வரை அப்படியே செய்தேன்! பாடம் முடிந்து நிமிர்த்தும்போது எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணுவேன். எதையும் எண்ணுவது என் பழக்கம். ஒன்பது... ஆறு... மூன்று... கடைசியில் ஒன்று. பனிச்சங்கேணித் தர்சினி. வீட்டில் சிக்னல் கிடைக்காது என்று பாலத்தடிக்கு வந்து இருந்து படித்தவள்.

எண்ணத் தெரிந்த எனக்கு ஏன் உறைக்கவில்லை?

சாதாரண தரப் பரீட்சையில் அவள் கணிதத்தில் சித்தியடையவில்லை.

போன மாதம் மட்டக்களப்பு பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் தந்தாள். "சேர், என்னைத் தெரியுதா? தர்சினி." ஆடைத் தொழிற்சாலையில் வேலையாம். ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்டேன்... கேட்டேனே!

சிரித்தாள். "எங்கட பக்கம் சிக்னல் சரியில்லத்தானே சேர். உங்கட குரல் மட்டும் கேக்கும். 'இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமன்' எண்டுவீங்க. எந்தக் கோணமெண்டு நான் எங்க காண? கத்திக் கத்திக் கேட்டன், உங்களுக்குக் கேட்டிருக்காது. போன்லதான் பிழையாக்கும் எண்டு அப்பா தோணி எஞ்சின வித்து வேற போன் வாங்கித் தந்தார். அதிலயும் இருட்டுத்தான் சேர்!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். இடையில் எந்தத் திரையும் இல்லை.

"ஓம் பிள்ள... சிக்னல்தான்" என்றேன்.

இறங்குமுன் தன் இலக்கத்தை என் கைபேசியில் பதிந்து தந்தாள். "தனியத்தானே இரிக்கிறீங்க சேர், என்ன உதவியெண்டாலும் எடுங்க."

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கனடாவில். நான்கு அறைகள், ஒரு ஆள். யன்னலுக்கு வெளியே வாவி. அதில் எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்க்கிறேன்... துடுப்பு வலித்துக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கிறேன். அவளுடைய தகப்பனின் முகம் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு ஏழு தடவை அவள் பெயர்மேல் விரலைக் கொண்டுபோனேன்.

அழைத்தால் உடனே எடுப்பாள். "சொல்லுங்க சேர், கேக்குது" என்பாள்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.