தோளும் செருப்பும்

அப்பாவைப் பற்றி எனக்கு இருப்பது ஒரே ஒரு நினைவு. எழுபதுகளின் நடுவில், ஆம்பூரில், பாலாற்றின் காய்ந்த மணலைக் கடந்து அக்கரைத் திருவிழாவுக்குப் போகிறோம். உச்சி வெயில். நான் அவர் தோள்மேல். கீழே மணல் தகிக்கிறது. மேலே எனக்கு மட்டும் காற்று. அவர் முடியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். அதிலிருந்து ஊறிய ஆவாரம்பட்டை வாசம் எழுகிறது. அடுத்த மழைக்கு அவர் இல்லை.

அந்த வாசம்தான் என் அத்தாட்சி. யாரோ சொல்லிக் கேட்டதை, நானே இட்டுக்கட்டியதைக்கூடக் மனக்கண்ணில் பார்த்துவிடுவேன், முகர முடியாது. மூக்கில் ஏறினால் நிஜம். அப்படித்தான் வைத்திருந்தேன். ஓரிடத்தில் தங்காமல் வீடு வீடாக மாறினேன், தட்டுமுட்டுச் சாமான்களை விட்டேன், இதை விடவில்லை.

போன மாதம் சத்துவாச்சாரியில், அக்கா வீட்டில், அவள் மகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“இன்னா வாசம்னே?”

“ஆவாரம்பட்டை.”

“நல்லா இருக்குதே கதை! அப்பா தறியில லுங்கி நெஞ்சவரு. அவரு மேல நூலுக்குப் போடற கஞ்சி வாசம்தான் அடிக்கும். தோல் பதம் பண்ற பட்டை வாசம் எங்கேர்ந்து வரும்?”

அவளே சொன்னாள்.

“அது எதிர்வீட்டு பாய். டேனரியில வேலை. அப்பாவுக்கு அப்பவே மூச்சு வாங்கும், உன்னை எங்க தூக்குறது? ‘நீ சும்மா வா தோஸ்த், புள்ளைய நான் பாத்துக்கறேன்’னு பாய்தான் தூக்கினாரு. வழி பூரா அவரு முடியைப் புடுங்கி எடுத்துட்டே. ஜாஸ்தி பேஜார் நீ.”

அவள் மகள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. எனக்கென்று இருந்த ஒரே அப்பா மொச்சைத் தொலியோடு முறத்தில் கிடந்தார்.

“அப்போ அப்பா எங்கக்கா இருந்தாரு?”

அக்கா உரிப்பதை நிறுத்தினாள்.

“பக்கத்துலயேதான். உன் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு. நான் கேட்டேன், குடுக்கல. மூச்சு வாங்க வாங்க, உன் காலையே பாத்துக்கிட்டு வந்தாரு.”

இப்போதெல்லாம் அந்தத் தோளுக்குப் பக்கத்தில், கீழே, அப்பாவின் கை தெரிகிறது. அதில் என் சின்னச் செருப்புகள் ஆடுகின்றன. இது அக்கா தந்தது, எனக்குள் முளைத்ததல்ல என்று தெரியும். முகர்ந்து பார்த்தேன், வாசமே இல்லை. இருக்கட்டும். தோள் நிஜம். அந்த உயரமும் காற்றும் நிஜம். இத்தனை வருடம் அப்பாவுக்கே சொல்லிவந்த நன்றியில் பாதி, தோளும் முடியும் கொடுத்த அந்த பாய்க்கு. மீதி, மூச்சு வாங்கியும் அப்பா கைவிடாத அந்தச் செருப்புக்கு.