குரல் கொடுத்துச் சுடப்பட்டவன்

மானிட்டரின் கண்ணாடிக்கு அருகே முன்கையைக் கொண்டுபோனால் மயிர்கள் மெல்ல எழுந்து நிற்கும். பொடிப்பொடியாய் ஒரு சடசடப்புக் கேட்கும். சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். அப்பா எழுத்தராக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட கணினி அது. விளாங்குடி வீட்டின் நடு அறையில், அம்மா பழைய போர்வையில் தைத்த உறையை உருவிவிட்டு அதை உயிர்ப்பிக்கும் ஒவ்வொரு மத்தியானமும் நான் முதலில் செய்த காரியம், கையை நீட்டி அந்தச் சிலிர்ப்பை வாங்கிக்கொண்டதுதான். மயிர் எழுந்து நிற்பதற்கு மின்சாரம் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிடம் திரையில் விண்கலம் தெரிந்ததும் உடம்பில் மிச்சமிருந்த மயிரெல்லாம் எழுந்து நிற்குமே, அதற்கு மின்சாரத்தின் மேல் பழிபோட வழியில்லை.

அந்த வீட்டுக்கு நாங்கள் அப்போதுதான் குடிவந்திருந்தோம். 'பிளாட்டு போட்ட' நிலம். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளையடித்த எல்லைக் கற்களும் கருவேல முள்ளும், நடுவே முளைத்த ஒற்றைப் பல்லைப் போல எங்கள் வீடும். பழைய பள்ளிக்கூடத்து நண்பர்கள் பழைய ஊரோடு போய்விட்டார்கள், புதிய பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் கோடை விடுமுறை என்ற பெயரில் ஒரு பெரிய வெற்றிடம். அப்பாவுக்கு அட்மிஷன் வேலை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. காலையில் இருவரும் கிளம்பியதும் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. அம்மா கிளம்பும்போது தினமும் சொல்லும் சட்டம் ஒன்று உண்டு: "ஆளா இருந்தா வாசல்ல நின்னு குரல் குடுக்கும். குரல் குடுக்காம வாரது எதுவா இருந்தாலும் தாப்பாளத் தொடாத."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பால்காரர், சிலிண்டர்காரர், ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அழைக்க வரும் அக்காமார்கள் என்று யாராக இருந்தாலும் கேட்டைத் தொடுவதற்கு முன்பே "அக்கா, வாரேன்" என்று நீட்டி ஒரு குரல் விடுவார்கள். உள்ளேயிருந்து "வாங்க" என்று பதில் வந்த பிறகுதான் கொக்கி கழலும். குரல் வந்தால் மனிதன், வராவிட்டால் திருடன் அல்லது பாம்பு என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துவைத்துக்கொண்டு நான் தனியாகக் காவல் இருந்தேன்.

அந்த விளையாட்டின் பெயர் எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. உறையில்லாத குறுந்தகட்டின் மேல் யாரோ மார்க்கர் பேனாவில் 'ஸ்பேஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கதை சுருக்கமானது: நட்சத்திரங்களுக்கு நடுவில் மிதக்கும் ஒரு கப்பலில் எல்லோரும் செத்துப்போயிருக்கிறார்கள், நீ மட்டும் கையில் துப்பாக்கியோடு கண்விழிக்கிறாய், இறாலுக்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் பிறந்தாற்போன்ற ஜந்துக்கள் சத்தமில்லாமல் வருகின்றன. ஆளில்லாத வீட்டில் தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு பையனுக்கு ஆளில்லாத கப்பலில் தனியே நடக்கும் விளையாட்டைக் கொடுத்த விதியை என்னவென்று சொல்வது. மேஜைக்கு அடியிலிருந்தும் ஜந்து வரக்கூடும் என்ற அறிவியல் சந்தேகத்தில் நான் இரண்டு கால்களையும் நாற்காலியின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டுதான் ஆடுவேன். நாற்காலிகளைச் சுட்டேன், தீயணைப்பான்களைச் சுட்டேன், சுவரில் விழுந்த என் சொந்த நிழலைச் சுட்டேன். நிஜமான ஜந்து வந்து நிற்கும்போது குண்டு தீர்ந்திருக்கும். உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவேன். கப்பலில் வரும் ஜந்துவுக்கும் விளாங்குடியில் இருக்கும் கொல்லைக் கதவுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நான் பதிலும் வைத்திருந்திருப்பேன்.

கப்பலின் கதவுகள் 'புஸ்' என்று பெருமூச்சு விட்டபடி பக்கவாட்டில் திறக்கும். அந்தப் 'புஸ்'ஸைத் தாங்க முடியாமல் ஒருநாள், கதவுக்கு முன்னால் நின்று, வாய்விட்டு "வாரேன்" என்று சொன்னேன். சொன்னதும் கொஞ்சம் தைரியம் வந்தது. நான் திருடனல்ல, பாம்பல்ல, ஆள். உள்ளே இருப்பதும் ஆளாக இருந்தால் பதில் சொல்லுமே. அன்றிலிருந்து ஒவ்வொரு கதவிலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைந்தேன். யாரும் ஒரு நாளும் "வாங்க" என்று சொன்னதில்லை. பகல் முழுவதும் நான் வாய்திறந்து பேசியது அந்த ஒரு வார்த்தையைத்தான் என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. கப்பலின் அடித்தளத்தில் இரண்டு கதவுகள் கொண்ட சரக்குக் கூடம் ஒன்று வரும். அதற்குள் இருந்த பெரிய ஜந்துவைத் தாண்டி நான் போனதே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில்கூட நான் சரியாகப் பேசாததைக் கண்டு அப்பாதான், திண்டுக்கல் ரோட்டில் பாண்டி அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் 'டைப்பிங்' பழகட்டும் என்று சேர்த்துவிட்டார். முதல் நாள் வகுப்பு முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, பிளைவுட் தடுப்புக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. 'புஸ்'. என் கப்பலுக்குள் வேறு யாரோ நடக்கிறார்கள்.

எட்டிப் பார்த்தேன். ஒயரால் இணைத்த நான்கு கணினிகள், இரண்டிரண்டுக்கும் நடுவே இன்னொரு தடுப்பு, நான்கு பையன்கள், ஒரே கப்பல். அவர்கள் சுட்டுக்கொண்டிருந்தது ஜந்துக்களையல்ல, ஒருவரையொருவர். செத்தவன் சிரித்தான், கொன்றவன் சிரித்தான், தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கெட்ட வார்த்தை பரிமாறிக்கொண்டார்கள். நான் கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு வியர்த்த அதே நடைபாதைகளில் இவர்கள் கல்யாண வீட்டில் போல ஓடிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

பாண்டி அண்ணனிடம் ஒரே ஒரு விதி உண்டு. "ஜோடி இல்லாதவனுக்கு சீட்டு இல்ல" என்பார். இரண்டுக்கு இரண்டு; ஜோடி கிடைக்காதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சமயநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் கதிர், என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவன், அந்த வாரம் ஜோடியில்லாமல் இருந்தான். அவனோடு ஆடும் சித்தப்பா மகன் தேனிப் பக்கம் திருவிழாவுக்குப் போயிருந்தான். கதிர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆடத் தெரியுமா என்று கேட்டான். வீட்டிலேயே ஆடுவேன் என்றேன். அது உண்மை, எப்படி ஆடுவேன் என்று அவன் கேட்கவில்லை.

எதிர்ஜோடி, ஹாலோபிளாக் பட்டறைக்காரரின் இரண்டு மகன்கள். அண்ணன் பேசவே மாட்டான், தம்பி மூச்சுக்கூட விடாமல் பேசுவான். ஆட்டம் தொடங்கியது. முதல் கதவு வந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே, அறை முழுக்கக் கேட்கும்படி, "வாரேன்" என்றது. பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல் வந்தது: "வாங்க, வாங்க. உக்காருங்க. காப்பி சாப்புடுறீகளா?" கதவு திறந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து சுட்டார்கள்.

வாயை மூடிக்கொள்ள முயலாமல் இல்லை. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு ஆடினேன். கைக்குட்டை வழியாகவும் "ஆளேன்" என்று ஏதோ ஒன்று வெளியே வந்தது. பயந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும், எனக்கு மரியாதை பொத்துக்கொண்டு வரும். எனக்கு 'வாரேன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் படியேறும்போதே உள்ளேயிருந்து "வாரேன் வந்துட்டான்டா" என்று கத்துவார்கள். அவமானம்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த ஊரில் என் குரலுக்கு முதன்முதலாக "வாங்க" என்று பதில் சொன்னவன், என்னைச் சுட்ட அந்தத் தம்பிதான். அதற்காகவே மறுநாளும் போனேன்.

சனிக்கிழமை கதிர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினான். அவனுடைய சித்தப்பா மகன் திங்கட்கிழமை வந்துவிடுவான் என்றான். "இன்னைக்குத் தோத்தா நான் அவங்கூடச் சேர்ந்துக்கிருவேன். நீ ஒண்ணும் நெனச்சுக்கிராத. செயிச்சோம்னா நீயே இருந்துக்க."

ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி? தோற்றால் மறுபடியும் உள்தாழ்ப்பாள், போர்வை உறை, யாரும் பதில் சொல்லாத அந்தக் கப்பல். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுதால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள் என்று சிரித்து வைத்தேன். இன்றைக்குச் சத்தமே போட மாட்டேன் அண்ணே, பல்லைக் கடித்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்தேன். கதிர் தலையை ஆட்டினான். "வேணாம்" என்றான். "எம்புட்டு முடியுமோ அம்புட்டுச் சத்தமா குடு. நீ ஒரு கதவுல நின்னு குரலக் குடு, உள்ள மட்டும் போகாத. நான் மறு கதவுல போறேன்."

அன்றைய ஆட்டம் முழுக்க அந்தச் சரக்குக் கூடத்தில்தான். நான் இந்தக் கதவில் நின்று, பால்காரரும் சிலிண்டர்காரரும் சேர்ந்து குரல் விடுவதுபோல "வாரேன்" என்பேன். சகோதரர்கள் என் பக்கம் துப்பாக்கியைத் திருப்பி விருந்தாளிக்குக் காத்திருப்பார்கள். கதிர் மறு கதவால் நுழைந்து அவர்களின் முதுகில் சுடுவான். தம்பிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பிறகு அவர்கள் என் குரலைச் சட்டை செய்வதை நிறுத்திவிட்டார்கள். நான் கத்தக் கத்தக் கதிர்தான் விழுந்தான். இரு பக்கமும் சமமாகி, கடைசிச் சுற்று வந்தது.

குரல் கொடுத்தேன். உள்ளே அசைவில்லை. கதவு திறந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக, சரக்குக் கூடத்துக்குள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மறு கதவுக்கு வெளியே கதிர் நிற்கிறான். சுட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நுழையும்போது சாவதற்கு எனக்கு நல்ல பழக்கம் இருந்ததே தவிர, நுழைந்த பிறகு என்ன செய்வது என்று ஒருநாளும் பழகியதில்லை. நேராக அவர்களுக்கு நடுவில் போய் நின்றுவிட்டேன். கதிர், "அமுக்குடா, எதையாவது அமுக்குடா" என்று கத்தினான். எதையோ அமுக்கினேன். துப்பாக்கி வெடிக்கவில்லை. என் கையிலிருந்து ஒரு வெடிகுண்டு நழுவி என் காலடியிலேயே விழுந்து, அழகாகச் சுழன்றது. அதைப் பார்த்து நான் திரையைவிட்டு நாற்காலியோடு பின்னால் தள்ளிப் போனேன், தப்பித்துவிடலாம் என்று நினைத்து.

மூவரும் செத்தோம். வெளியே நின்ற கதிர் மட்டும் உயிரோடிருந்தான். அதாவது, நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

பேசவே பேசாத அந்த அண்ணன் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "இவன்லாம் உயிரோட இருந்தாத்தான்டா ஆபத்து" என்றான். கதிர் என் பிடரியில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, "திங்கக்கெழம வெள்ளன வந்துரு மாப்ள" என்றான். சமயநல்லூர் பஸ்ஸில் அவன் ஏறிப் போன பிறகும், அதுவரை என்னை யாரும் அழைத்திராத அந்த மாப்ளையைக் காதிலேயே வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். கேட்டருகே நின்று பூட்டிய வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தேன். பயத்தினால் அல்ல.

இப்போது ஆனையூரில், அடுக்ககத்தில் மூன்றாம் மாடி. மனைவியும் மகளும் காலையில் கிளம்பியதும் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். விளாங்குடிப் பிளாட்டுகளில் எல்லைக்கல் வைக்க இடமில்லாமல் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பாண்டி அண்ணனின் சென்டர் இருந்த மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். அங்கேயும் பயந்து நடுங்குபவர்கள் இருக்கிறார்கள், ஜோடி கேட்பதில்லை. வாசலில் யாரும் குரல் கொடுப்பதில்லை. பொட்டலம் கொண்டுவருபவர் போனில் கூப்பிட்டு, வாசலில் வைத்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் லிப்டில் இறங்கிவிடுகிறார்.

பழைய விளையாட்டுகளை விற்கும் இணையக்கடை ஒன்றில், தேடாமலே, அந்தக் கப்பல் போன மாதம் கிடைத்தது. தனியே ஆடும் பகுதி அப்படியே இருக்கிறது, ஜந்துக்கள் சௌக்கியம், நானும் காலைத் தூக்கித்தான் வைத்துக்கொள்கிறேன், இந்த வயதில் முட்டி பிடித்துக்கொள்கிறது. சேர்ந்து ஆடும் பகுதியைத் திறந்தால் ஆட்களின் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாய் இருக்கிறது. மஸ்கட்டில் இருக்கும் கதிருக்குச் செய்தி அனுப்பினேன். "வெள்ளிக்கெழம லீவுதான், கட்டாயம் வாரேன் மாப்ள" என்று குரலிலேயே பதில் அனுப்பினான். குரல் தடித்திருந்தது, மாப்ள மட்டும் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, எங்கள் இருவருக்குமாக ஓர் ஆட்டத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். "ஷிப்டு போட்டுட்டாய்ங்க மாப்ள, அடுத்த வாரம் பாப்போம்" என்று வந்தது. அடுத்த வாரமும் ஏறக்குறைய அதேதான் வந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு அங்கே வேலை, எனக்கு இங்கே மத்தியானம்.

திறந்த ஆட்டத்தை மூட மனமில்லாமல் நானே இறங்கி நடந்தேன். சேர்ந்து ஆடும் கப்பலில் ஜந்துக்கள் கிடையாது. நடைபாதைகளில் என் காலடியைத் தவிர வேறு சத்தம் இல்லை. சரக்குக் கூடத்துக் கதவுக்கு முன்னால் நின்றேன். பழக்கதோஷம், "வாரேன்" என்றேன். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி லேசாக உறுமி நின்றது.

புஸ் என்று கதவு திறந்தது. நடுக்கூடத்தில் போய் நின்று, மறு கதவைப் பார்த்தபடி, முதுகை நன்றாகக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் காத்திருந்தேன். யாரும் சுடவில்லை.