துப்பாக்கியை மடக்கிப் பார்த்தவர்

டிரஸ்சர் சிங்காரம் காலமானார் என்ற தந்தி போன வியாழக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் என் கைக்கு வந்தது. காப்பார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவரிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்களெல்லாம் இன்று அழுவீர்கள். நான் அவரைப் பதினொரு வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டியவன். என் அழுகை வேறு மாதிரி.

அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நான். மரவள்ளியைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளுக்காக லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வைத்திருந்தேன். சிங்காரமும் வைத்திருந்தார். அவருடையது பூட்டிய பெட்டியில் இருக்கும்; தோட்டாக்கள் மருந்து அலமாரியில், வேறு சாவியில். அவர் கண்ணெதிரே தோட்டாவை எடுத்துவிட்டு நீட்டினாலும், மடக்கிக் குழாய் காலியா என்று பார்த்த பிறகுதான் வாங்குவார். "துப்பாக்கியையும் நாக்கை நீட்டச் சொல்றாருய்யா டிரஸ்சர்" என்று தோட்டமெல்லாம் கேலி பேசினேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்க பார்த்தது உங்களுக்கு, கிராணி. நான் பார்த்தாத்தான் எனக்கு" என்றார்.

என் துப்பாக்கியோ வீடு வீடாகப் போய்வந்தது. லைசென்ஸ் என் பேரில், சுட்டது யார் யாரோ. இரவல் கேட்டவரிடம் இல்லையென்பது மரியாதையில்லை என்று நினைத்தோம். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் வாங்கிப் போய்த் திருப்பித் தந்தார். மடக்கிப் பார்க்காமல் ஆணியில் மாட்டினேன், மடையன். மறுநாள் காலை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க என் மனைவி செல்லம் அதைக் கழற்றினாள். வெடித்துவிட்டது. சிங்காரம் ஓடிவந்து அவள் வயிற்றில் துணியை அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். கிள்ளானுக்கு லோரி கிளம்புவதற்குள் அவள் போய்விட்டாள்.

விசாரணைக்கு முன் அவர் காலைப் பிடித்தேன். "துப்பாக்கி வெளியே போகவே இல்லைன்னு சொல்லுங்கண்ணே. என் வேலை போயிடும்."

அவர் கண் கலங்கியது. "செல்லத்தைப் பிடிச்சிருந்த கை இது. என்னால முடியாதுப்பா."

உள்ளதை அப்படியே சொன்னார். லைசென்ஸ் போயிற்று, வேலையும் போயிற்று. பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து ரயில்வேயில் ஒட்டிக்கொண்டேன்.

அதன்பின் வருஷாவருஷம் அவர் ஜில்லா ஆபீசுக்கு மனு எழுதினார். துப்பாக்கி வைக்கும் இடத்தை நேரில் பார்த்த பிறகே லைசென்ஸ் தர வேண்டும், இரவல் விட்டவனிடமிருந்து பறிக்க வேண்டும் என்று கேட்டார். "பேரைத்தான் பார்க்கிறாங்க, ஆணியைப் பார்க்கலையே" என்பார். பன்றிக்கு யார் பதில் சொல்வது என்று துப்பாக்கிக்காரர்கள் சண்டைக்குப் போனார்கள். "மரவள்ளி திரும்ப முளைக்கும்" என்றார். எனக்கும் ஒரு பிரதி வரும். கிழித்துப் போடுவேன்.

இந்த வருஷத்து மனுவை இழவு வீட்டில் அவர் மனைவி என்னிடம் நீட்டினார். "எல்லா வருஷமும் கையெழுத்துப் போடுற இடத்துல முதல் வரியை உங்களுக்குன்னு விட்டு வச்சாரு அண்ணே."

ஐயோ, அந்த வரி காலியாகவே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து என் பேரை எழுதினேன். கீழே, இரவல் கொடுத்தேன், திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை, என் மனைவி செத்தாள் என்றும் எழுதினேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். திங்கட்கிழமை கிள்ளான் ஜில்லா ஆபீசுக்குக் கொண்டுபோகிறேன். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என் பேருக்குக் கீழே கையெழுத்துப் போட வாருங்கள். புறப்படுமுன் வீட்டில் மாட்டியிருப்பதை ஒருமுறை மடக்கிப் பாருங்கள்.