இலையை மென்று பார்த்த உத்தியோகஸ்தன்

யுத்த காலத்தில் தூத்துக்குடி விவசாய ஆபீசில் வேலை பார்த்தேன். குடியானவர்களிடம் புது விதையைக் கொடுத்துப் பயிரிட வைப்பதும், விளைச்சலை எழுதி அனுப்புவதும் என் பொறுப்பு. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டுக்குக் பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓட்டும் கரி கேஸ் பஸ்ஸில்தான் போக வேண்டும். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். வெள்ளை வேட்டியோடு நான் போய்ச் சேர்ந்த நாளே கிடையாது.

அந்த வருஷம் மில்லுக்கு ஏற்ற நீள இழைப் பருத்தி விதை வந்தது. நாலு ஏக்கர் வைத்திருந்த ஒரு விதவை அம்மாளை, பாதி நிலத்திலாவது விதையுங்கள் என்று நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். மீதிப் பாதியில் அவள் வழக்கம்போல நாட்டுப் பருத்தியான கருங்கண்ணி போட்டாள்.

கார்த்திகை முடிவதற்குள் புதுச் செடியில் புழு விழுந்தது. இலையெல்லாம் சல்லடை. நடுவில் வரப்புகூட இல்லை. பக்கத்திலேயே கருங்கண்ணி பச்சையாக நின்றது. அதிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புழு இருந்தது, ஆனால் செடிக்குப் பெரிய சேதமில்லை.

"என்ன மருந்து அடிக்கலாம்?" என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் இரண்டு செடியிலும் ஒவ்வொரு இலை பறித்து நீட்டினாள்.

"மென்னு பாருங்க சார்வாள்."

மென்றேன். புது இலை கீரை மாதிரி சப்பென்று இருந்தது. கருங்கண்ணி இலை துவர்த்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"உங்களுக்கே துப்பணும்போல இருக்குல்லா? புழுவுக்கு மட்டும் இருக்காதாக்கும்?" என்றாள்.

மறுநாள் இதை மேலதிகாரியிடம் சொன்னேன். துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனிதர். கரிசலில் கால் வைத்தவரல்ல.

"நாட்டுச் செடியிலிருந்துதான் புழு வந்திருக்கும். அதைப் பிடுங்கச் சொல்லும்."

"அதில் புழு குறைவு சார். இலையில் ஏதோ சத்து இருக்கிறது. நானே மென்று பார்த்தேன்."

"மென்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவதற்கா உமக்குச் சம்பளம்?"

புகையிலைக் கஷாயம் தெளிக்கும்படி சொல்லி அனுப்பினார். ஒரு செடிக்கு இல்லாத காரத்தை இன்னொரு செடியிலிருந்து காய்ச்சி ஊற்றச் சொல்கிறோமே என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு ஏக்கருக்குப் புகையிலைக்கும் சோப்புக்கும் நான் கடை கடையாக அலைந்தேன். தெளித்து முடித்த மறுநாள் மழை கொட்டிக் கழுவிவிட்டது. கருங்கண்ணியைப் பிடுங்கும் உத்தரவை மட்டும் நான் அவளிடம் சொல்லவே இல்லை.

மாசியில் புதுப் பருத்தி அநேகமாக ஒன்றுமில்லை. 'மழைக் கோளாறு' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது, அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி.

"என்ன எழுதினீய?" என்று அந்த அம்மாள் கேட்டாள். சொன்னேன். "மழை என்ன செஞ்சுது, பாவம்" என்றாள்.

துவர்ப்பும் கசப்பும் பூச்சியைத் தடுக்கச் செடியே தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும் இரசாயனங்கள் என்று, பல வருஷம் கழித்து ஒரு விஞ்ஞானக் கட்டுரையில் படித்தேன். அதற்குள் அந்த மேலதிகாரி பெரிய பதவிக்குப் போய் ஓய்வும் பெற்றிருந்தார்.

அதெல்லாம் பிந்திய கதை. அந்த மாசிக்கு அடுத்த ஐப்பசியில் அதே விதை மூட்டைகள் மறுபடியும் வந்தன. நான் அந்த அம்மாள் பெயரை விதை வாங்குவோர் பட்டியலில் எழுதவில்லை. காரணம் கேட்டு மெமோ வந்தது; பதிலும் எழுதினேன், இந்தத் தடவை உள்ளதை உள்ளபடியே. ஒரு மாதத்தில் என்னை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். அவள் நாலு ஏக்கரிலும் கருங்கண்ணியே விதைத்திருந்தாள்.