ஐந்து சுரத்து அமெரிக்கக்காரி

என் குரலை எனக்கு மீட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர், நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்மணி. கவிதைகளுக்கு மெட்டமைத்தவர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் அதை ஒரு மாதிரி உச்சரிக்கிறேன், என் வீட்டுக்காரர் வேறு மாதிரி உச்சரிக்கிறார், அவரை எனக்கு அறிமுகப்படுத்திய பெண் மூன்றாவது மாதிரி உச்சரிக்கிறாள். ஒருவர் பெயரைக் கொலை செய்வதைவிடச் சொல்லாமல் விடுவது மரியாதை. சொன்னாலும் "ஓ, அவங்களா!" என்று கேட்பதற்கு, எனக்குத் தெரிந்து, பத்துப் பேர் தேற மாட்டார்கள்.

நான் தமிழாசிரியை. மோகனூரில் வீடு, பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் பள்ளிக்கூடம். என் குரலைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பும் கேட்கும். "டீச்சர், எம் பசங்க கணக்கு நோட்டுல செய்யுள் எழுதுறாங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று கணக்கு வாத்தியார் ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தைப் பொங்கல் முடிந்ததும் கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை சேலத்தில் எடுத்தார்கள். கட்டி குரல்நாணுக்குப் போகும் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. எடுக்கும்போது நரம்பு பாதிக்கலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். அப்படியே ஆனது. யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குரல்நாண் என்பது இரட்டைக் கதவு மாதிரி. எனக்கு வலது கதவு சாத்திக்கொள்ளும், இடது கதவு அசையாமல் திறந்து கிடக்கும். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

குரல் போனபிறகுதான் மனிதர்களின் ஒரு விசித்திரம் தெரிந்தது. நாம் கிசுகிசுத்தால் அவர்களும் கிசுகிசுக்கிறார்கள். பஸ்ஸில் "நாமக்கல் ஒண்ணு" என்று காற்றாகச் சொன்னேன். கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதோ ரகசியம்போல என் காதருகில் குனிந்து "சில்லறை இருக்குங்களா?" என்று கேட்டார். போனில் பேசினால் எதிர்முனையில் திட்டிவிட்டு வைத்தார்கள். என் வீட்டுக்காரர் கரும்பாலையில் வேலை பார்ப்பவர், பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர். அந்த மனிதர் எனக்கும் சேர்த்துப் பேச ஆரம்பித்தார். காய்கறிக்காரரிடம் பேரம்கூடப் பேசினார். தோற்றுத்தான் வந்தார், ஆனாலும் பேசினார்.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல். மருத்துவ விடுப்பு ஜூன் வரைக்கும்தான். எங்கள் தலைமையாசிரியை நல்லவர், கறாரானவர். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுச் சொன்னார்: "ஜூன்ல வாங்க டீச்சர். நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன். எனக்குக் கேட்டுச்சுன்னா கிளாஸ் உங்களுக்குத்தானுங்க. கேக்கலைன்னா லைப்ரரியப் பாத்துக்குங்க. பத்தாவது போகப்போற புள்ளைங்க, நான் வேற என்ன பண்ணட்டும்?" நியாயம்தான். அவர் போனதும் அடுப்படிக்குப் போய் அழுதேன். சத்தம் வராத அழுகை எவ்வளவு கேவலமானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக் ஒன்றை வாங்கியும் பார்த்தோம். அது என் காற்றைத்தான் பெரிதாக்கியது. புயல் எச்சரிக்கைபோல் இருந்தது.

டாக்டர் குரல் பயிற்சிக்கு அனுப்பினார். சேலம் சூரமங்கலத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி அறை. பயிற்சி கொடுத்தவள் கெங்கவல்லிப் பக்கத்துப் பெண், என் மகள் வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவள். மேசைமேல் சின்ன கீபோர்டு வைத்திருந்தாள். ஜங்ஷன் பக்கம் ரயில் ஹாரன் அடித்தால் இருவரும் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.

முதல் மூன்று வாரம் சுவரைத் தள்ளிக்கொண்டே "ஆ", "ஈ" என்று சொல்ல வைத்தாள். பிறகு, "ஏதாவது பாடுங்க டீச்சர், நாண் சீக்கிரம் ஒட்டும்" என்றாள். எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் முயன்றேன். நம் பாட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. முதல் வரி தரையில் நடக்கும், இரண்டாவது வரி மாடிப்படி ஏறும். நான் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சில ஜெராக்ஸ் தாள்களைக் கொடுத்தாள். "இந்தம்மா பாட்டு எதுவும் அஞ்சு சொரத்தத் தாண்டாது. வீட்டுல பாத்து வைங்க."

பார்த்தேன். ஐந்து கோடுகள், புள்ளிகள், கீழே ஆங்கில வரிகள். இசைக்குறி எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அச்சுப்பிழை! கோட்டுக்கு மேலே, எழுத்தோடு ஒட்டாமல், கண்ட இடத்தில் காற்புள்ளி தொங்கியது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் ஒன்று. பெயருக்கும் அதன் அடைமொழிக்கும் நடுவில் ஒன்று. இருபது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்து, தேவையானவற்றை அம்புக்குறி போட்டுக் கீழே இறக்கி, தேவையில்லாதவற்றை அடித்து, நான்கு தாள்களையும் திருத்தி முடித்துத்தான் படுத்தேன்.

அடுத்த முறை போனபோது அவள் தாள்களைப் புரட்டினாள். உதட்டைக் கடித்தாள். பிறகு அடக்க முடியாமல் கீபோர்டின்மேல் கவிழ்ந்து சிரித்தாள். எல்லாக் கட்டைகளும் ஒன்றாக அலறின.

"டீச்சர், அது கமா இல்ல. மூச்சு."

பாடுகிறவர் அந்த இடத்தில் மூச்சு எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமாம். அந்த அம்மாளின் மூச்சையெல்லாம் நான் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தேன். வெட்கத்தை மறைக்கக் கோபப்பட்டேன். எழுதிக் காட்டினேன்: "அதற்காக இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சா?"

"அதான் விசயமே" என்றாள் அவள். அன்றைக்குத்தான் அந்த அமெரிக்கப் பெண்மணியின் கதையைச் சொன்னாள். அவர் இறந்தபிறகு, அவரிடம் படித்த ஒருவர் எழுதிப் பாட்டுப் புத்தகத்துக்குள் செருகி வைத்த ஒன்றரைப் பக்கம்தான் மொத்தக் கதையும்.

கோதுமை விளைகிற ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், ஞாயிறன்று சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை ஒருத்தி உண்டு. நன்றாகப் பாடக்கூடியவள். வயசுப் பெண்ணாக இருந்தபோது தொண்டையில் நோய் வந்து, பிழைத்தாள். ஆனால் குரல் காற்றாகிப் போனது. மேடையில் பாடுகிற எந்தப் பாட்டும் அவளுக்கு எட்டவில்லை. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, பிடித்த கவிதைகளை எடுத்து, ஒரு குரலும் ஒரு பியானோவும் போதும் என்ற அளவில், தங்கையின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் மெட்டுப் போட்டார். ஐந்து சுரம், அதற்குமேல் போகாது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

இரண்டு மெல்லிய புத்தகங்கள் அச்சாயின. மேடைப் பாடகர்கள் சீண்டவில்லை. குரல் வளத்தைக் காட்ட அதில் இடமே இல்லை, பாடி முடித்தால் யாரும் அசந்துபோய்க் கைதட்ட மாட்டார்கள். குழந்தைப் பாட்டு என்று ஒதுக்கிவிட்டார்கள். தங்கை இறந்தபிறகு அவர் ஒரு பாட்டும் எழுதவில்லை. ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். புத்தகங்கள் ஏதோ ஒரு நூலகத்தில் கிடந்து, யாரோ படமெடுத்து இணையத்தில் போட, அது சூரமங்கலத்து மாடிக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்த முறை நிஜக் கோபம். சின்னதாக எழுதினாராம், அதனால் மறந்துவிட்டார்களாம். சின்னதாக எழுதுவது எவ்வளவு பாடு என்று நான்கு வரியில் ஒரு விடுப்புக் கடிதம் எழுதிப் பார்த்தவனுக்குக்கூடத் தெரியும்.

பாட ஆரம்பித்தோம். ஆங்கிலம் என் வாயில் சரியாக உட்காரவில்லை. "தமிழ்ல மாத்திக்குங்க டீச்சர், உங்களுக்கென்ன" என்றாள். எடுத்துக்கொண்ட பாட்டு இதுதான்: வயலில் வேலை செய்த இரண்டு பேர். ஒருத்தி களைத்துப்போய் நின்றுவிடுகிறாள். மற்றவள், பொழுது சாய்ந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் அன்பே என்கிறாள். ஒவ்வொரு அடியும் அந்த வரியில்தான் முடியும். "அன்பே" என்று போட்டால் சினிமாவாகிவிட்டது. "கண்ணே" என்று போட்டால் தொட்டில் ஆடியது. எங்கள் பக்கம் பெரியவரானாலும் சிறியவரானாலும் ஆசையாகக் கூப்பிட ஒரே சொல்தான். "சாமி" என்று போட்டேன். பொருந்தியது. "பொழுது சாய்ந்தது, வீட்டுக்குப் போகலாம் சாமி."

பொருள் பொருந்தியதே தவிர, குரல் பொருந்தவில்லை. "பொழுது சாய்ந்தது" வரை நூல்போல ஏதோ வரும். "வீட்டுக்கு" என்றதும் அறுந்துவிடும். "வ" சொல்லப் பல் உதட்டில் படுகிறதல்லவா, அந்தச் சந்தில் இருக்கிற கொஞ்சக் காற்றும் ஓடிப்போகும். நாள்கணக்கில் இதே கதை. சித்திரை வெயிலில் மோகனூரிலிருந்து சேலம் வரை இரண்டு பஸ் மாறி, இந்த ஒரு "வீ"யில் விழுந்துவிட்டுத் திரும்புவேன்.

ஒருநாள் வெயில் தலைக்கேறி, பொறுமை போய், இலக்கணத்தை எங்கே விட்டேன் என்றே தெரியாமல் பாடினேன்.

"பொழுது சாஞ்சுது, ஊட்டுக்குப் போலாம் சாமி."

"ஊ" பிடித்துக்கொண்டது. இரண்டு கதவும் ஒட்டி, காற்றில்லாமல், மணிபோல. என் குரல். நான் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

"டீச்சர்! திருப்பிச் சொல்லுங்க! வீடுன்னு சொல்லாதீங்க, இப்ப சொன்னத சொல்லுங்க!" என்று அவள் எழுந்து நின்றாள்.

எத்தனை பிள்ளைகளின் கட்டுரையில் "ஊடு" என்ற சொல்லைச் சுழித்து, பக்கத்தில் "வீடு" என்று எழுதியிருப்பேன். ஒருவனை நூறு முறை எழுத வைத்திருக்கிறேன். வகுப்பில் நான் மறந்தும் சொல்லாத சொல் அது. வீட்டிலேயே சொல்ல யோசிப்பேன். அந்தச் சொல் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் வந்து கைகொடுத்தது. அன்றைக்கு இருபது முறை பாடினேன். பன்னிரண்டு முறை பிடித்தது. மற்ற எட்டு முறை குரல் நின்றபோது கீபோர்டில் அதே மெட்டு தொடர்ந்துகொண்டிருந்ததைக் கவனித்தேன். "நீயாக வாசிக்கிறாயா?" என்று கேட்டேன். இல்லையாம். பியானோவுக்கான வரியிலேயே, சின்ன எழுத்தில், பாடுகிறவரின் மெட்டையும் அந்த அம்மாள் சேர்த்து எழுதியிருந்தார். தங்கைக்குக் குரல் வராத இடத்தில் பாட்டு நிற்காது. அக்காவின் விரல்கள் அதை வாங்கிக்கொண்டு நடக்கும். குரல் திரும்பினால் அவள் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். நான் பஸ்ஸில் நாமக்கல் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கண் துடைக்கத் துடைக்க வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "ஏனுங்க, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் உண்மைதானே.

நன்றி சொல்ல அவர் இல்லை, அவர் தங்கையும் இல்லை. அந்த நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மோகனூர் என்ற ஊரில் இந்தப் பாட்டு தமிழில் தினமும் பாடப்படுகிறது என்று எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. போதும். நன்றியைக் கடலில் போட்டாலும் கரையில் போட்டாலும் நன்றிதான்.

ஜூன் வந்தது. குரல் வந்திருந்தது, ஆனால் சின்னதாக. ஓர் அறையில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். "ஏம்புள்ள, வெரசலாக் கிளம்பு, பஸ்ஸு போயிரும்" என்றார் வீட்டுக்காரர். அதற்குமேல் தைரியம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, பை மட்டும் தூக்கிக்கொண்டு நிறுத்தம் வரை வந்தார்.

ஒன்பதாம் வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள். தலைமையாசிரியை சொன்னபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பாடத்தின் முதல் வாக்கியத்தைச் சொன்னேன், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்து. முன் வரிசை நிமிர்ந்தது. நடு வரிசை கழுத்தை நீட்டியது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார், பிறகு எடுத்துவிட்டார். கேட்கவில்லை. அவர் முகத்திலிருந்தே தெரிந்தது. தலைக்குமேல் நான்கு பழைய மின்விசிறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. நான் மறுபடி சொன்னேன். விசிறிச் சத்தம் அதையும் தின்றது.

அப்போது சன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "ஒரு நிமிசமுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு சுவிட்ச் போர்டுக்குப் போய், நான்கையும் வரிசையாக அணைத்தாள். இறக்கைகள் சுற்றி ஓய்ந்தன. ஜூன் மாத வெயில், தகரக் கூரை. ஒரு பிள்ளைகூட முனகவில்லை.

மூன்றாவது முறை சொன்னேன்.

தலைமையாசிரியை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஓய்ந்த விசிறிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். எழுந்து, வாசலில் நின்று, "நடத்துங்க டீச்சர், கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை இறங்கும்வரை அந்த வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை. நான் போடச் சொல்லியும் போடவில்லை. நாற்பத்திரண்டு பேரும் சட்டை நனைய நனைய உட்கார்ந்து என்னைக் கேட்டார்கள்.