நோட்டைப் பிடித்துக் கேட்டவள்

எனக்கு இங்கிலீஷ் வராது என்பதை ஊருக்கே கேட்கும்படி சொன்னவை பேனாக்கள்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில் நடந்த வகுப்பு அது. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்வார்கள். திங்கள், புதன், வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு. வெள்ளிக்கிழமை மாதிரித் தேர்வு. அதில் கடைசி மார்க் வாங்கியவர் சாரின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, தாளில் இருக்கிற இங்கிலீஷ் பத்தி ஒன்றைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு வார்த்தை தப்பினால் உட்கார்ந்திருப்பவர்கள் பேனாவால் டெஸ்க்கைத் தட்டுவார்கள். தட்டினால் அந்த வரியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெட்கப்பட்டால்தான் இங்கிலீஷ் வரும் என்பது சாரின் கொள்கை. எனக்கு வெட்கம் மட்டும் வந்தது.

முதல் மாதம் நான்கு வெள்ளியும் நான்தான் நின்றேன். மற்றவர்கள் ராஜபாளையத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள், சொந்த மில்லோ கம்பெனியோ வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள். தட்டித் தட்டிக் கை ஓய்ந்ததும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்குதான் பேச்சு. எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. என் தலையில் வழிகிற எண்ணெயைப் பற்றியும், என் அப்பா அவர்களில் ஒருத்தியின் மாமா மில்லில் நூல் சுற்றுகிறவர் என்பதைப் பற்றியும் பேசினார்கள். அவர்களை இன்னும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

ஐந்தாவது வாரம் அவள் வந்து சேர்ந்தாள். தேவதானத்துப் பெண். என்னைப் போலத் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, இந்தப் பரீட்சைக்காக வீட்டில் இருந்தவள். அவள் அப்பா தோப்பு வேலைக்குப் போகிறவர். ஒரே ஒரு வருடம் கொடுத்திருந்தார். இடம் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் அக்காவோடு மில் வேலைக்குப் போய்விட வேண்டும். இதை அவள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு வருசம்னா எம்புட்டு நாளு! எழுதிருவேம்ட்டி."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி நிற்கிற பெண் வக்கீல்களை அவள் வெறித்துப் பார்ப்பாள். ஒருமுறை ஒரு அம்மாவிடம் கேட்டே விட்டாள், அதைப் போட்டால் வெயிலுக்கு வேர்க்காதா என்று.

அந்த வெள்ளி அவள் கடைசி. எழுந்து போய் நின்றாள். உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் வரியிலேயே தப்பாக வாசித்தாள். எல்லோரும் தட்டினார்கள். நானும் பேனாவை எடுத்துத் தட்டினேன். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவளிடம் கோபமே இல்லை. "தப்பா வாசிச்சா தட்டத்தானட்டி செய்யணும்" என்றாள். தேவதானத்தில் ஏறுகிறவள் ராஜபாளையம் வரை பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வருவாள். அதற்காகக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் பாஸ் பண்ண ஒரு வழி உண்டு. எந்தப் பாடத்திலிருந்து கேட்டாலும் எழுதக்கூடிய ஒரே பத்தியை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள். இது மிக நல்ல பாடம், ஆசிரியர் அருமையாக விளக்குகிறார் என்று அது போகும். தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நாங்கள் இருவரும் அப்படிக் கரையேறியவர்கள். அதனால் சார் பழைய நுழைவுத் தேர்வுத் தாள்களைக் கொடுத்தபோது என்ன செய்வது என்று எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பத்தி, அதன் கீழே கேள்வி, அதற்கு விடை என்று நோட்டில் எழுதி எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டோம். வெள்ளிக்கிழமைத் தேர்வில் புதுப் பத்தி வந்தால், "இது நம்ம நோட்டுல இல்லட்டி, இதையும் சேத்துக்கிடுவோம்" என்பாள். அவள் நோட்டு இரண்டாகி மூன்றானது.

ஒரு புதன்கிழமை ஊரில் கோயில் பொங்கல் என்று அவள் வரவில்லை. அன்று வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் சாரை நிறுத்தி, மொத்தம் எத்தனை பத்தி மனப்பாடம் செய்தால் போதும் என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அந்த ஒரு தடவை மனுஷனாகப் பேசினார்.

"வந்த பத்தி திரும்ப வராதும்மா. அன்னைக்குப் புதுசாத்தான் வரும். தெரியாத பத்தியை வேகமா வாசிச்சுப் புரிஞ்சுக்கிடுதியான்னுதான் பாப்பாங்க. தினம் இங்கிலீஷ் பேப்பரை எடு. வாட்சை வச்சுக்கிட்டு வாசி. அர்த்தம் தெரியாத வார்த்தையில நிக்காத, தாண்டிப் போ." இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பிள்ளைகிட்டயும் சொல்லிரு."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவள் பையை எடுத்து எனக்கு இடம் விட்டாள். கோயில் பொங்கலை ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தாள். நான் தின்றேன். "புதன்கிழமை சாரு என்னட்டி சொன்னாரு?" என்று கேட்டாள்.

"புதுசா ஒண்ணும் இல்லட்டி. மனப்பாடத்த விட்டுராதீங்கன்னாரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மழுப்ப வேண்டியதில்லை. நாடு முழுக்க எழுதுகிற பரீட்சையில் அவள் ஒருத்தி எனக்குப் போட்டி என்று நான் நினைக்கவில்லை. அவள் தேறிவிட்டால் வெள்ளிக்கிழமை மறுபடி நான் நிற்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் சொன்னேன். பிறகு என்றைக்காவது சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அந்த என்றைக்காவது வரவே இல்லை.

அதன் பிறகு தினமும் காலையில் ராஜபாளையத்தில் நூலகம் திறந்ததும் போய் இங்கிலீஷ் பேப்பரை வாட்சை வைத்துக்கொண்டு வாசித்தேன். பிற்பகல் பஸ்ஸில் அவள் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். பத்தியின் எண்ணைச் சொன்னால் பத்தி வரும், கேள்வியின் எண்ணைச் சொன்னால் விடை வரும். ஒரு சொல் விட்டால்கூட நான் விடமாட்டேன், முதலிலிருந்து சொல்ல வைப்பேன். "நீ கேட்டாத்தாம்ட்டி மனசுல நிக்குது" என்பாள். ஒவ்வொரு வெள்ளியும் அவள் நின்றாள். நான் தட்டினேன்.

பரீட்சை மதுரையில் நடந்தது. வெளியே வந்தவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஒண்ணுகூட நம்ம நோட்டுலருந்து வரலட்டி. தாளை மாத்திக் குடுத்துட்டாங்களோ?" என்றாள்.

"எனக்கும் வரலட்டி" என்றேன். அது பொய் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

எனக்குத் தூரத்து ஊர் ஒன்றில் இடம் கிடைத்தது. அவள் மில்லுக்குப் போனாள். நான் கிளம்பிய அன்று ஷிப்ட் முடித்து நேராக ராஜபாளையம் பஸ் நிலையத்துக்கு வந்து, கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, தன் பையை வைத்து எனக்கு ஜன்னல் சீட்டைப் பிடித்துக் கொடுத்தாள். அவள் முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கை போனது, தட்டிவிடவில்லை.

இப்போது நான் நான்காம் ஆண்டு. போன வாரம் அவள் போன் செய்தாள். அவள் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள்.

"அவளும் வக்கீலுக்குத்தான் படிக்கணும்ங்கா. என் மூணு நோட்டையும் பத்திரமா வச்சிருக்கேம்ட்டி. அதையே மனப்பாடம் பண்ணச் சொல்லட்டா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கில் அதுதான் முதலில் வந்தது.

"வேண்டாம்ட்டி" என்றேன். "அது ஒதவாது. புதுப் பத்திதான் வரும். பேப்பர் வாசிக்கச் சொல்லு."

"இது ஒனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

"சாரு சொன்னாரு."

"எப்ப?"

"நீ பொங்கலுக்கு வராத அன்னைக்கு."

அவளுக்குப் பின்னால் மில்லில் சங்கு ஊதியது. அது முடிகிறவரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அதுக்குப் பொறவும் பஸ்ஸுல என் நோட்டப் பிடிச்சுக்கிட்டு கேட்டியேட்டி?"

"ஆமா" என்றேன்.