சிவப்பு மூடி டப்பா

இருபத்தாறு வருடமாக வேன் ஓட்டுகிறவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். விரல் என்றால்தான் தெரியும். இன்ஜினிலிருந்து அளவுக்கம்பியை உருவி, நுனியில் தொங்கும் எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு, ஒரு முகர்வு, பிறகு தீர்ப்பு. "இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாங்கும்." மேல்முறையீடு கிடையாது. டீ ஆறிவிட்டதா, மகளுக்குக் காய்ச்சலா, சுவரில் பெயின்ட் காய்ந்ததா, எல்லாவற்றுக்கும் அதே விரல்தான். பெயின்ட் விஷயத்தில் மட்டும் சாட்சியம் இன்றும் சுவரில் இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். எதையும் டப்பாவில் எடுத்து, எண் ஒட்டி, மெஷினில் ஓடவிட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். இந்த இரண்டு மதங்களும் ஒரே வீட்டில் பத்தொன்பது வருடம் சண்டையில்லாமல் இருந்ததற்குக் காரணம், இருவருக்கும் ஷிப்ட் வேறு வேறு.

எண்ணெயைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மனைவி ஆரம்பித்தபோது விரல் சிரித்தார்.

"இருநூறு லாரி வெச்சிருக்கறவனுக்கு அது சரி. ஒத்த வேனுக்கு எதுக்கு? டெஸ்ட்டுக்குக் குடுக்கற காசோட கொஞ்சம் சேத்தா எண்ணெயவே மாத்திடலாம்."

"எண்ணெய மாத்தினா எண்ணெய்தான் புதுசாகும். உள்ள எது தேயுதுன்னு பழைய எண்ணெய்தானே சொல்லும்? அதைக் கீழ ஊத்திட்டு வந்துடறீங்க."

"என் விரல் சொல்லாததையா அது சொல்லிடப் போவுது?"

"இருநூறு லாரிக்காரனுக்கு ஒண்ணு போனா மீதி நூத்தித்தொண்ணூத்தொம்பது ஓடும். உங்களுக்கு ஒண்ணு போனா?"

விரல் அதற்குப் பதில் தேடினார். இரண்டு நாள் தேடியும் கிடைக்காததால் எண்ணெயை அனுப்பினார்.

அந்த ஒரு வேனில்தான் எல்லாம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள், சிறுநீரகம் பழுதான பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு, நாற்பத்திரண்டு வளைவுகள் கொண்ட மலைப்பாதையைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆஸ்பத்திரி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு தடவை வண்டி வராவிட்டால், அடுத்த தடவை வேறு வண்டி வரும். கொடுமையான நிபந்தனை என்று விரல் ஒருநாளும் சொன்னதில்லை. ரத்தம் சுத்தமாகாமல் ஒரு நாள் தள்ளிப்போனால் அந்தப் பதினோரு முகங்களும் எப்படி ஊதும் என்று கண்ணாடியில் பார்த்தவர் அவர்.

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வந்தது. ஒரே பக்கம். நடுவில் இரண்டு வரிகள் சிவப்பில்: சோடியம் அதிகம், போரான் அதிகம். கீழே ஒரு வாக்கியம்: "கூலன்ட் எண்ணெயில் கலந்திருக்கலாம். உடனே சோதிக்கவும்."

ரேடியேட்டரில் ஓட வேண்டிய தண்ணீர் எண்ணெய்க்குள் போகிறது என்று அர்த்தம். போனால் எண்ணெய் வழுவழுப்பை இழக்கும். ஏதாவது ஒரு வளைவில் இன்ஜின் இறுகி நின்றுவிடும். விரல் உடனே கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாக, தேன் போல இருந்தது. தண்ணீர் கலந்தால் பால் போட்டது மாதிரி வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. ரேடியேட்டரில் அளவும் குறையவில்லை. விரல் இல்லை என்றது. காகிதம் உண்டு என்றது.

காகிதத்தைப் பார்த்தபிறகு வண்டி மாறிவிட்டது. அன்று திரும்பும் வழியில் பதினேழாம் வளைவில் ஒரு சத்தம் கேட்டது. அடியிலிருந்து, டக் டக் என்று, உலோகத்தில் உலோகம் படுகிற மாதிரி. போகும்போது கேட்காத சத்தம். அவர் கியரைக் குறைத்தார்.

பின்சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் கண்ணாடியில் அவர் முகத்தைப் படித்துவிட்டார். படிப்பதுதானே அவருக்குத் தொழில். "என்ன தம்பி, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் தெரியல சார். நல்லாத்தான் ஓடுது. ரிப்போர்ட்டுதான் வேற மாதிரி சொல்லுது."

"எனக்கும் ஒண்ணும் தெரியல," என்றார் வாத்தியார், மடியில் எடுத்து வைத்துக்கொண்ட எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைத் தட்டியபடி. "நல்லாத்தான் சாப்பிட்டேன், நல்லாத்தான் நடந்தேன். ரிப்போர்ட்டுதான் வேற மாதிரி சொன்னிச்சு."

ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

சனிக்கிழமை காலை வேன் பட்டறையில் நின்றது. மெக்கானிக்கின் பட்டப்பெயர் 'பிரிச்சிடலாம்'. ஹார்ன் அடிக்கவில்லை என்று வந்தவரிடம்கூட முதலில் அதைத்தான் சொல்வார்.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுண்ணே, அதான் தண்ணி எண்ணெய்ல எறங்குது. பிரிச்சிடலாம்."

"எத்தனை நாள் ஆவும்?"

"பிரிச்சாத்தான் தெரியும். அடுத்த வியாழன், வெள்ளி வெச்சுக்கங்க."

"திங்கக்கிழமை காலைல ட்ரிப்பு இருக்குப்பா."

"பிரிக்காமப் போங்க. நான் புடிச்சா வெச்சிருக்கேன்? இருபதாவது வளைவுல நின்னா எனக்குப் போன் போடாதீங்க. அங்க டவர் கிடையாது."

மதியம் ஒரு மணிவரை விரல் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிரித்தால் திங்கள் போச்சு. திங்கள் போனால் தடம் போச்சு. பிரிக்காமல் போய், காகிதம் சொல்வது நிஜமாக இருந்தால், மலைமேல் பதினோரு பேர். எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம். கடைசியில் எழுந்து, "பிரிச்சிடு," என்றார். வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் விரலை எதிர்த்து அவர் எடுத்த முடிவு.

மெக்கானிக் நீளமான ஸ்பேனரை முதல் போல்ட்டில் மாட்டினார். ஒரு போல்ட்டைத் தளர்த்திவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது. இன்ஜினின் தலையைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த நேரத்தில்தான் ஷிப்ட் முடிந்து மனைவி உள்ளே வந்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க தம்பி. அந்த ரிப்போர்ட்டைக் குடுங்க."

"சிவப்புல போட்டிருக்கே அண்ணி, இன்னும் என்ன பாக்கணும்?"

"சிவப்புல இல்லாததைப் பாக்கணும்."

அவர் தண்ணீர் பற்றிய வரிகளைத் தேடிப் படித்தார். நெற்றி சுருங்கியது. "தண்ணி இல்லைன்னு போட்டிருக்கான். கூலன்ட்ல கலக்கற கிளைக்காலும் இல்லையாம். அப்ப சோடியம் மட்டும் நடந்தா வந்துச்சு?"

மெக்கானிக்கின் ஸ்பேனர் போல்ட்டிலேயே இருந்தது. "சூட்டுல ஆவியாயிருக்கும் அண்ணி."

"இருக்கலாம். ஆனா எங்க லேப்ல ஒருத்தருக்கு உப்பு தாறுமாறா ஏறியிருந்து, ஆளு உக்காந்து கதை பேசிட்டிருந்தா, நாங்க முதல்ல ஆளைச் சந்தேகப்பட மாட்டோம். சாம்பிளைச் சந்தேகப்படுவோம்." கணவர் பக்கம் திரும்பினார். "எதுலங்க எண்ணெய் புடிச்சீங்க?"

"நீ குடுத்த டப்பாலதான்."

"எந்த டப்பா?"

"அதான், சிவப்பு மூடி போட்டது. எண்ணெய் லேப்காரங்க அனுப்பின பாட்டில்ல சீல் இல்ல, சுத்தமில்லைன்னு நீதானே சொன்ன? அந்தப் பாட்டில்ல இப்ப நான் ஸ்குரூ போட்டு வெச்சிருக்கேன்."

மனைவி ரிப்போர்ட்டை மடித்தார்.

"அடியில வெள்ளையா பவுடர் இருந்திருக்குமே, பாக்கலியா?"

"கிருமி நாசினின்னு நெனச்சேன். நீ குடுத்ததாச்சே."

"கிருமி வளராம இருக்கத்தான். அது யூரின் டெஸ்ட் டப்பாங்க. போரிக் ஆசிடும் சோடியம் உப்பும் போட்டிருக்கும். சோடியமும் போரானும் அதுலேர்ந்துதான் வந்திருக்கு." பத்தொன்பது வருடம் அடுத்தவர்கள் சாம்பிளைக் கெடுத்ததைக் கண்டுபிடித்த கை, முதல்தடவையாகத் தானே கெடுத்திருந்தது, அதுவும் சுத்தத்தால்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கழற்றினார். சிரிப்பை அடக்க நியாயமான முயற்சி செய்தார். "வண்டிக்கு மூத்திர டெஸ்ட்டா எடுத்தீங்க அண்ணி?"

"சிரிக்காதீங்க தம்பி. உள்ள கசிவு இல்லைன்னு இன்னும் நிரூபணம் ஆகல. டப்பா தப்புன்னுதான் ஆகியிருக்கு."

அந்த வாக்கியம் விரலின் மகிழ்ச்சியை அப்படியே நிறுத்தியது. அவரும் மனைவியும் வேனிலேயே எண்ணெய் லேப் இருந்த தொழிற்பேட்டைக்குப் புறப்பட்டார்கள். நாற்பது நிமிடம். சூடு காட்டும் முள்ளைத் தவிர அவர் எதையும் பார்க்கவில்லை. சாலையை மனைவி பார்த்தார்.

எண்ணெய் லேபில் இருந்த பெண், மெஷினை மூடப்போகிற நேரம் என்றார். திங்கள் மாலைதான் கிடைக்கும் என்றார். மனைவி நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். 'தப்பு எங்க சாம்பிள்லதான்' என்று தானாக ஒத்துக்கொள்ளும் ஒருவரை அந்தப் பெண் இந்த வேலையில் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. மெஷினை மறுபடி போட்டார். சூடான இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய் விட்டு அவரே எண்ணெயை உறிஞ்சி எடுத்தார், வெறும் பிளாஸ்டிக் பாட்டிலில்.

காத்திருந்த நேரத்தில் விரல் தன் ஆள்காட்டி விரலை மடக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"சோடியம் இல்ல. போரான் புது எண்ணெய்ல இருக்கற அளவுதான். கசிவே கிடையாது," என்றார் லேப் பெண்.

விரல் எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க சார். இரும்பு ஏறியிருக்கு, சிலிக்கானும் ஏறியிருக்கு. போன ரிப்போர்ட்லயே மஞ்சள்ல போட்டிருந்தோமே?"

சிவப்பைப் பார்த்த பயத்தில் மஞ்சளை இவர் பார்க்கவில்லை. கணவரைக் காப்பாற்றும் அவசரத்தில் மனைவியும் தாண்டிவிட்டிருந்தார்.

"சிலிக்கான்னா?"

"தூசி. மண்ணு. வடிகட்டாத காத்து எங்கேயோ உள்ள போவுது. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நிஜமாவே பிரிக்க வேண்டியிருக்கும்."

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் காற்று வடிகட்டியை எடுத்தார். புதிது போல இருந்தது. குழாயை டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. வழக்கமான யோசனையைச் சொல்ல வாயைத் திறந்தார். விரல் அவரை ஒதுக்கிவிட்டு, வடிகட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய்க்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உட்சுவரை மெல்லத் தடவினார். வளையம் இறுக்கும் இடத்துக்கு அடியில் விரல் நின்றது. வெளியே எடுத்துக் காட்டினார். நுனியில் மாவு மாதிரி மண். குழாயை மடக்கிப் பார்த்தால் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

"இதை முதல்லயே தடவியிருக்கலாமே," என்றார் மனைவி.

"எங்க தடவணும்னு தெரிஞ்சா தடவியிருப்பேன்ல?"

அன்று மாலையே குழாய் மாறியது. திங்கட்கிழமை காலை வேன் பதினோரு பேரோடு மலை ஏறியது. முகப்புப் பெட்டியில், அடுத்த தடவைக்காக, சீல் இல்லாத ஒரு வெறும் பாட்டில். போகும்போது ஒரு சத்தமும் இல்லை. திரும்பும்போது, பதினேழாம் வளைவில், அடியிலிருந்து டக் டக் என்றது. விரல் பிரேக்கை மிதித்தார். ஓரம் கட்டி நிறுத்தினார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க," என்று பின்சீட்டிலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. "டயாலிசிஸ் முடிஞ்சா அசதியில கண்ணசந்துடறேன். பாட்டில் மடியிலேர்ந்து விழுந்து உருண்டுடுது. வெள்ளிக்கிழமையும் இங்கதான் விழுந்துச்சு. கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?"